கிழமைக்கு ஒரு மாத்திரை: எலிகள் சொன்னதும் சொல்லாததும்



கொஞ்சம் நீளமான பதிவு. பெண்பிள்ளைகள் உள்ள உம்மாமாரும் வாப்பாமாரும் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள். இப்போது நேரமில்லை என்றால் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு ஒன்று என்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை பற்றித்தான் எழுதுகிறேன். நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. மாத்திரை கொடுக்கும் நாளில் நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு வெளியே போய்த் துப்பும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "உம்மா குடிக்க வேணாமாம் மிஸ்" என்கிறார்கள். உம்மாவுக்கு யார் சொன்னது? வட்ஸ்அப் சொன்னது.

எங்கள் குழுமங்களில் சுற்றும் செய்திகளில் இரண்டு வகை உண்டு. முதலாவது, "இரும்பு மாத்திரை கொடுத்த எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததாம், பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்." இரண்டாவது, "எங்கள் மூலிகைப் பவுடரைக் கொடுத்த எலிகளுக்கு இரண்டே கிழமையில் இரத்தம் கூடியது, ஆய்வில் நிரூபிக்கப்பட்டது, ஓடருக்கு இன்பொக்ஸ் வாருங்கள்." ஒன்று மாத்திரையை நிறுத்தச் சொல்கிறது. மற்றது பணத்தைக் கேட்கிறது. இரண்டும் சாட்சிக்கு இழுப்பது ஒரே ஆளை: எலி.

சரி, அந்த எலியையே கூப்பிட்டுக் கேட்போம். உண்மையில் அது என்னதான் சொன்னது?

முதலில் உடம்பின் கணக்கு. வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் வரைதான் இரும்பு இருக்கிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செங்குருதிக் கலங்களில், ஈமோகுளோபினில். ஒட்சிசனைச் சுமப்பது அதுதான். ஒரு செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். அது அழியும்போது அதன் இரும்பை உடம்பு வீசிவிடுவதில்லை. திரும்ப எடுத்து என்புமச்சைக்கு அனுப்பிப் புதிய கலம் செய்கிறது. ஆகவே நாளாந்தம் உணவிலிருந்து உள்ளே எடுக்க வேண்டியது 1, 2 மில்லிகிராம்தான்.

இவ்வளவு சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் உடம்புக்கு ஏன் தட்டுப்பாடு வருகிறது? இரத்தம் வெளியே போனால் அதிலுள்ள இரும்பும் சேர்ந்து போகிறது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு. மாதவிடாயில் 40 மில்லிலீற்றர் போனால் 20 மில்லிகிராமுக்குக் கிட்ட இரும்பு போய்விட்டது. அதே வயதில் பிள்ளை வளரவும் வேண்டும். காலையில் ஒரு பன்னும் பிளேன்டீயும் குடித்துவிட்டு வரும் தரம் 9 பிள்ளை இந்தக் கடனை எங்கிருந்து அடைப்பாள்?

இனி ஆய்வுகூடத்துக்குப் போவோம்.

1920களில் அமெரிக்காவில் ஜோர்ஜ் விப்பிள் என்ற வைத்தியரும் அவருடன் வேலை செய்த ப்ரீடா ரொப்ஷைட்-ரொபின்ஸ் என்ற பெண்மணியும் நாய்களின் இரத்தத்தை எடுத்து, ஈமோகுளோபினை வழமையான அளவின் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு வெவ்வேறு உணவு கொடுத்து எது இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறது என்று பார்த்தார்கள். ஈரல் முன்னுக்கு நின்றது. அதைப் பார்த்து மினொட், மர்பி என்ற இருவர், அந்தக் காலத்தில் ஆளைக் கொன்றுவிடும் ஒரு வகை இரத்தச்சோகை நோயாளிகளுக்கு 1926இல் ஈரல் கொடுத்தார்கள். நோயாளிகள் பிழைத்தார்கள். 1934இல் விப்பிள், மினொட், மர்பி மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பின்னால் தெரியவந்த விசயம்தான் சுவாரஸ்யம். நாய்களைக் குணமாக்கியது பெரும்பாலும் ஈரலில் இருந்த இரும்பு. மனிதர்களைக் குணமாக்கியதோ அதே ஈரலில் இருந்த விற்றமின் பி12. அந்த விற்றமின் பிரித்தெடுக்கப்பட்டது 1948இல்தான். ஒரே ஈரல், இரண்டு வேறு நோய், இரண்டு வேறு மருந்து. "இரத்தம் காணாது" என்ற ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை அந்த நாய்கள் அப்போதே சொல்லிவிட்டன.

1928இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், எல்வெஜம் ஆகியோரின் குழு எலிக்குஞ்சுகளைப் பாலில் மட்டும் வளர்த்தது. பாலில் இரும்பு மிகக் குறைவு, ஆகவே எலிகளுக்கு இரத்தச்சோகை வந்தது. இரும்பு கொடுத்தார்கள், சரிவரவில்லை. இரும்போடு சிறிதளவு செம்பும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் ஈமோகுளோபின் ஏறியது. இரும்பு தனியாக நின்று வேலை செய்வதில்லை. மாத்திரை கொடுத்துவிட்டோம், இனிச் சாப்பாட்டைப் பார்க்கத் தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு அந்த எலிகளின் பதில் இது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1976இல் வந்தது. கிளெமென்ட் பின்ச் என்பவரின் குழு சியாட்டிலில் செய்தது. இரும்புக் குறைபாடுள்ள எலிகளுக்கு இரத்தம் மாற்றி, ஈமோகுளோபினை நல்ல எலிகளின் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ஓடும் பட்டியில் ஓடவிட்டார்கள். இரத்தம் சமம்தான், ஆனால் இரும்பு குறைந்த எலிகளால் ஓட முடியவில்லை. இரும்பு கொடுத்துச் சில நாட்களில் ஓடின. ஏனென்றால் இரும்பு இரத்தத்துக்கு மட்டும் உரியதல்ல. தசைக் கலங்களுக்குள் சக்தி உண்டாக்கும் இடத்திலும் அது வேண்டும்.

ஆசிரியர்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். இரண்டாம் பாடத்திலேயே மேசையில் தலை வைக்கும் பிள்ளையை "சோம்பேறி", "இரவு முழுக்க போன் பார்த்திருப்பாள்" என்று நாங்கள் எவ்வளவு இலேசாகச் சொல்லிவிடுகிறோம். அந்த எலிகளைச் சோம்பேறி என்று யாரும் சொல்லவில்லை. இரும்பைக் கொடுத்தார்கள், ஓடின.

1975இல் பீட்டர் டல்மனின் குழு இன்னொன்றைக் காட்டியது. பிறந்த புதிதில் இரும்பு குறைந்த எலிகளுக்குப் பிறகு இரும்பு கொடுத்தபோது ஈமோகுளோபின் மீண்டது, ஈரலின் இரும்பும் மீண்டது. மூளையில் இருந்த குறைவு மட்டும் வளர்ந்த பிறகும் முழுதாக மீளவில்லை. மனிதப் பிள்ளைகளில் இதை அதே மாதிரி அளந்து பார்க்க முடியாது. ஆனால் குழந்தைப் பருவத்து இரும்புக் குறைபாட்டை உலகம் பாரதூரமாக எடுக்கத் தொடங்கியதற்கு இப்படியான எலி ஆய்வுகளும் ஒரு காரணம். இன்று எங்கள் வகுப்பில் இருக்கும் பெண்பிள்ளை நாளை ஒரு தாய். அவளுடைய இரும்பிலிருந்துதான் அவளது குழந்தை தன் பங்கை எடுக்கும்.

அடுத்தது நேரடியாக எங்கள் கையில் இருக்கும் மாத்திரையின் கதை. "ஒவ்வொரு நாளும் இல்லாமல் கிழமைக்கு ஒன்று கொடுத்து என்ன பயன்? சும்மா பேருக்குத்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. 1995இல் பெர்னாண்டோ வித்தேரி என்பவரின் குழு எலிகளில் இதைத்தான் பார்த்தது. ஒவ்வொரு நாளும் இரும்பு கொடுத்த எலிகளைவிட, மூன்று நாட்களுக்கு ஒரு தடவை கொடுத்த எலிகளின் உடம்பு, கொடுத்த இரும்பில் கூடிய பங்கை எடுத்துக்கொண்டது. எலியின் குடலின் உட்படை சில நாட்களுக்கு ஒரு முறை புதிதாகிறது. மனிதருக்கு அது இன்னும் கொஞ்சம் தாமதம். அப்படியானால் மனிதருக்குக் கிழமைக்கு ஒன்று போதுமா என்ற கேள்வி பிறந்தது. எலியோடு நிற்காமல் பல நாடுகளில் மனிதர்களிலேயே சோதித்துப் பார்த்தார்கள். அதன் பிறகுதான், இரத்தச்சோகை 20 வீதமோ அதற்கு மேலோ உள்ள இடங்களில், மாதவிடாய் வரும் வயதுப் பெண்களுக்குக் கிழமைக்கு ஒரு தடவை 60 மில்லிகிராம் இரும்பும் 2.8 மில்லிகிராம் போலிக் அமிலமும் கொடுக்கலாம் என்று 2011இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது.

கூடக் கொடுத்தால் கூட ஏறாதா? இதற்குப் பதில் சுண்டெலிகளிடம் இருந்து வந்தது. ஈரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஒரு சிறிய ஹோர்மோன் இருக்கிறது. 2001இல் பிரான்சில், இந்த ஹோர்மோன் இல்லாத சுண்டெலிகளின் ஈரலிலும் சதையியிலும் இரும்பு குவிந்து கிடப்பதைக் கண்டார்கள். அடுத்த வருடம் அதே குழு, இந்த ஹோர்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் சுண்டெலிகளை உருவாக்கியது. அவை வெளிறிப் பிறந்து, பெரும்பாலானவை பிறந்த உடனேயே இறந்தன. ஆகவே இரும்புக்கு வாசற்காவல் ஒன்று உண்டு. காவல்காரன் இல்லாவிட்டால் இரும்பே நஞ்சு, அவன் கதவைத் திறக்கவே மாட்டேன் என்றால் உள்ளே பஞ்சம். 2015இல் சுவிற்சர்லாந்தில் இளம் பெண்களில் பார்த்தபோது, 60 மில்லிகிராம் இரும்பு எடுத்தவுடன் ஹெப்சிடின் ஏறி, அடுத்த நாள் எடுத்த இரும்பின் உறிஞ்சல் குறைந்தது தெரிந்தது. இரட்டிப்பாக விழுங்கினால் இரட்டிப்பாக ஏறாது. வயிற்றுப் பிரட்டும் மலச்சிக்கலும்தான் கூடும்.

இதுவரை எலி சொன்னது. இனி எலி சொல்லாதது.

மூலிகைப் பவுடர்க்காரர்கள் காட்டும் ஆய்வுகள் பலவற்றில் எலிக்கு எப்படி இரத்தச்சோகை வரவைக்கிறார்கள் தெரியுமா? பினைல்ஹைட்ரசின் என்ற இரசாயனத்தை ஏற்றுகிறார்கள். அது செங்குருதிக் கலங்களை உடைக்கும். ஆனால் உடைந்த கலங்களின் இரும்பு உடம்பை விட்டு எங்கும் போவதில்லை, உள்ளேயேதான் இருக்கிறது. இரசாயனத்தை நிறுத்தினால் ஒன்றிரண்டு கிழமைகளில் எலியின் உடம்பு தானாகவே புதிய கலங்களைச் செய்துகொள்ளும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் "இரத்தம் கூடியது" என்று எழுதலாம். கலம் உடைந்த எலிக்கும், மாதாமாதம் இரும்பை இழக்கும் உங்கள் மகளுக்கும் என்ன சம்பந்தம்? பவுடர் வாங்குமுன் இந்த ஒரு கேள்வியை விற்பவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. எலியின் குடல் எங்கள் குடல் அல்ல. எலி தனக்கு வேண்டிய விற்றமின் சியைத் தானே செய்துகொள்ளும், எங்களால் முடியாது. 1991இல் ரெட்டி, குக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே வகை உணவுகளை மனிதருக்கும் எலிக்கும் கொடுத்து இரும்பு உறிஞ்சலை ஒப்பிட்டார்கள். மனிதரில் பெரிய வித்தியாசம் செய்த உணவுக் காரணிகள் எலியில் சிறிதளவே வேலை செய்தன, அல்லது வேலை செய்யவே இல்லை. மனிதரின் சாப்பாட்டில் எது இரும்பைத் தடுக்கும், எது கூட்டும் என்று அறிய எலியை நம்ப முடியாது என்பதுதான் அவர்கள் முடிவு.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? தேத்தண்ணி! மனிதரில் செய்த ஆய்வுகளில், சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் மரக்கறி, தானியங்களில் உள்ள இரும்பின் உறிஞ்சலை வெகுவாகக் குறைக்கிறது. 1975இலேயே தென்னாபிரிக்காவில் இந்திய வம்சாவளிப் பெண்களில் இதைக் காட்டிவிட்டார்கள். சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ, பிள்ளைக்கும் ஒரு கோப்பை என்பது எங்கள் வீடுகளில் உள்ள பழக்கம். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, விடவும் மாட்டீர்கள்! சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். முருங்கை இலை, பருப்பு, கௌப்பி சமைத்தால் தேசிக்காய்ப் புளி விடுங்கள், அல்லது பிள்ளைக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள். முடிந்த நாளில் கொஞ்சம் இறைச்சியோ மீனோ சேருங்கள். பவுடர் போத்தலின் விலையை விட இது குறைவு.

அடுத்து அந்தப் புற்றுநோய்க் கதை. அதற்கும் ஒரு வேர் இருக்கிறது. 1959இல் எலிகளின் தசைக்குள் இரும்பு-டெக்ஸ்ட்ரான் என்ற ஊசி மருந்தைப் பெரிய அளவில், திரும்பத் திரும்ப ஏற்றியபோது, ஊசி போட்ட இடத்தில் கட்டிகள் வந்தன. இது உண்மை. ஆனால் அது ஊசி, மாத்திரை அல்ல. எலியின் எடையோடு பார்த்தால் மிகப் பெரிய அளவு. ஒரே இடத்தில் பல தடவை. அதைக் கொண்டுவந்து கிழமைக்கு ஒரு மாத்திரையோடு முடிச்சுப் போடுவது, சமுத்திரத்தில் ஆள் மூழ்கினார் என்பதற்காக வுழூச் செய்யப் பயப்படுவது போன்றது.

இப்போது சொல்லக் கஷ்டமான விசயத்துக்கு வருகிறேன். "இந்த மாத்திரை எங்கள் பெண்பிள்ளைகளை மலடாக்கத்தான் கொடுக்கிறார்கள்" என்று சிலர் காதோடு காதாகச் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் என்ன நடந்தது? முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்ற வதந்தி. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. அது மருந்தல்ல, வெறும் மாவுக் கட்டி. அந்தப் பொய்யால் அடிபட்டவர்கள் நாங்கள். அதே பொய்யை எடுத்து எங்கள் பிள்ளைகளின் மாத்திரை மேல் நாங்களே போடுவதா? அதே மாத்திரையை இந்த நாட்டில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும்தான் விழுங்குகிறார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுப்பதும் இரும்பும் போலிக் அமிலமும்தான். மலடாக்கும் மருந்தை யாராவது கர்ப்பிணிக்குக் கொடுப்பார்களா?

அதற்காக மாத்திரை எல்லோருக்கும் எப்போதும் நல்லது என்று நான் சொல்லவில்லை. கவனிக்க வேண்டியவை இருக்கின்றன.

தலசீமியா உள்ள பிள்ளைக்கு இரும்பு தானாகவே உடம்பில் சேரும். அவர்கள் வைத்தியர் சொல்லாமல் இரும்பு எடுக்கவே கூடாது. தலசீமியாவின் காவிகளாக மட்டும் இருப்பவர்களுக்கும் ஈமோகுளோபின் கொஞ்சம் குறைவாகக் காட்டும். அந்தக் குறைவு இரும்பால் தீராது. மச்சான் முறைக்குள் கலியாணம் செய்யும் குடும்பங்கள் இதை விசேடமாகக் கவனியுங்கள். பிள்ளை மாதக்கணக்கில் மாத்திரை குடித்தும் இரத்தம் ஏறவில்லை என்றால், இன்னும் மாத்திரை வாங்காமல், வைத்தியரிடம் காட்டி முழு இரத்தப் பரிசோதனையும் பெரிற்றின் பரிசோதனையும் செய்வதுதான் வழி. மாதவிடாய் அளவுக்கு மீறிப் போகிறது என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்ப முடியாது.

மலேரியா உள்ள இடங்களில் கதை வேறு. சன்சிபாரின் பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்கு ஒவ்வொரு நாளும் இரும்பு கொடுத்த ஆய்வில், நோயும் மரணமும் கூடியதாக 2006இல் வெளிவந்தது. மலேரியா பரவிய இடம் அது. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் சான்றிதழ் பெற்றுவிட்டது. ஆகவே பெம்பாவின் பயத்தை அப்படியே இங்கு இறக்குமதி செய்யத் தேவையில்லை.

வீட்டில் இருக்கும் இரும்பு மாத்திரைகளைச் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். இனிப்பு என்று நினைத்து ஒரு கை அள்ளி விழுங்கினால் உயிராபத்து. கர்ப்பிணித் தாய்மார் உள்ள வீடுகளில் இது மிக முக்கியம்.

மாத்திரை குடித்த பிறகு மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வெறும் வயிற்றில் பிரட்டினால் சாப்பிட்டுவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். அதற்குத்தான் காலைச் சாப்பாடு சாப்பிடாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்துகிறோம்.

வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. மகளுக்கு "ரத்தம் காணாது" என்று உம்மா சொன்னால், அது பெண்களின் விசயம் என்று ஒதுங்காதீர்கள். 12 முதல் 14 வயது வரையான பிள்ளைக்கு ஈமோகுளோபின் 12க்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. அவளது ரிபோட்டை நீங்களும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். வீட்டில் இறைச்சித் துண்டு முதலில் யாருடைய கோப்பைக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். வேலைக்குப் போகும் ஆணுக்கும் வளரும் மகனுக்கும் கொடுத்து மிஞ்சிய ஆணம்தான் மகளுக்கு என்றால், இரத்தச்சோகை தொடங்கும் இடம் பாடசாலை அல்ல, எங்கள் சஹன்தான்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம், ஊரின் சுகாதார வைத்திய அதிகாரியையோ ஒரு பெண் வைத்தியரையோ அழைத்து இதைப் பேசச் சொல்லுங்கள். பெண்கள் பயான் நடக்கும் இடத்திலும் பேசட்டும். ஒரு ஆசிரியை எழுதும் பதிவை விட ஒரு வைத்தியர் நேரில் சொல்வது பத்து மடங்கு வேலை செய்யும்.

வாயில்லாப் பிராணிகளுக்கு இரக்கம் காட்டச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். இந்த ஆய்வுகளில் நாய்களும் எலிகளும் பட்ட வேதனை சின்ன விசயமல்ல. அந்த வேதனையில் கிடைத்த அறிவை ஒரு பவுடர் போத்தல் விற்கவும், ஒரு தாயைப் பயமுறுத்தவும் பாவிப்பது இரட்டை அநியாயம்.

அடுத்த தடவை "எலிகளில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு செய்தி வந்தால், அனுப்பியவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எலிக்கு என்ன நோய் இருந்தது? எவ்வளவு கொடுத்தார்கள், எந்த வழியாக? பிறகு மனிதரில் பார்த்தார்களா? பதில் இல்லையென்றால் அந்தச் செய்தி உங்கள் போனோடு நிற்கட்டும்.

இந்தக் கிழமையும் மாத்திரை கொடுப்போம். தரம் 9 பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லிவிட்டேன், அவர்களுக்கு விளங்கிவிட்டது. வீட்டில் "குடிச்சியா மகள்?" என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

கேள்விகள் இருந்தால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து பற்றிய கேள்வி என்றால் குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ்ஸிடம் அல்லது வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும். வதந்தி பரவிய குழுமங்களுக்கெல்லாம் இதையும் அனுப்பிவிடுங்கள்.